சேலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு: மைல்ஸில் எகானமி டிக்கெட்

முதலில் சீட்டைத் தேடுங்கள். கிரெடிட் கார்டு பாயின்ட்டை மைல்ஸாக (பணத்துக்குப் பதில் டிக்கெட் எடுக்க உதவும் விமான நிறுவனப் புள்ளி) மாற்றுவது கடைசி வேலை. மாற்றிய பாயின்ட் வங்கிக்குத் திரும்பாது. கணக்கில் ஏறச் சில நாள் ஆகலாம், அதற்குள் சீட் போய்விட்டால் மைல்ஸ் முடங்கிக் கிடக்கும்.

ஏர் பிரான்ஸ், கேஎல்எம் இரண்டுக்கும் பொதுவான மைல்ஸ் திட்டமான ஃப்ளையிங் ப்ளூவில் கணக்கு தொடங்குவது இலவசம். மாதத் தொடக்கத்தில் சில தடங்களுக்கு மைல்ஸ் தள்ளுபடி வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். நம்மூரில் இனிஷியல்தான் வம்பு: கார்டில் 'எஸ்', ஃப்ளையிங் ப்ளூவில் 'சுப்பிரமணியம்' என்றிருந்தால் பாயின்ட் மாற்றமே நின்றுவிடலாம்.

லாபமா என்று இப்படிப் பாருங்கள். ரொக்க விலை 52,000 ரூபாய். மைல்ஸில் 25,000 மைலும் 17,000 ரூபாய் வரியும் என்று வைப்போம். மிச்சம் 35,000. ஒரு மைலுக்கு 1.40 ரூபாய். ஒரு மைலுக்கு 2 பாயின்ட் போகிறது, கார்டில் ஒரு பாயின்ட்டின் மதிப்பு 50 காசு என்றால், கையை விட்டுப் போவது 50,000 பாயின்ட், அதாவது 25,000 ரூபாய்தான். தாராளமாக எடுக்கலாம். வரியைக் கழிக்காமல் கணக்குப் போடாதீர்கள், ஏமாறுவது அங்கேதான். லண்டனிலிருந்து திரும்பினால் பிரிட்டன் பயணி வரி தனியாக ஏறும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியையும் ஒப்பிடுங்கள்.

பெங்களூரு, சென்னை இரண்டிலிருந்தும் தேடுங்கள். பெங்களூரு பக்கம்தான், ஆனால் விமான நிலையம் ஊரைத் தாண்டித் தேவனஹள்ளியில். ஓசூருக்குப் பிறகு நெரிசலுக்கே 2 மணி நேரம் கூடுதலாக வையுங்கள். சென்னைக்கு எழும்பூர் ரயில் வசதி: தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம்.