வால்வைக் கழற்றாதீர்கள்: கூலிங்கில் விடுகிற பிழைகள்

போன கிழமை ஒரு தம்பி, தான் வாங்கிய முதல் வானைக் கிளிநொச்சியில் என் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "அண்ணை, விடியவெள்ளன வெளிக்கிட்டு முறிகண்டி போய்த் திரும்பியும் ஹீற் முள் கீழேயே கிடக்குது. எஞ்சின் நல்ல குளிர்மையாத்தானே இருக்கு?" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோசம். பொனற்றைத் திறக்க முன்னரே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. தேர்மோஸ்டாற் வால்வை யாரோ கழற்றியிருக்கிறார்கள். நான் வான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழை.

சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது, பெல்ற் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

"எங்கட வெக்கைக்கு வால்வு தேவையில்லை"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்த வால்வு உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். நடுவில் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. தண்ணீர் சூடேற மெழுகு உருகிப் பெருத்து வால்வைத் திறக்கும். பெரும்பாலும் 82 முதல் 88 பாகை செல்சியசுக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீர் ரேடியேற்றர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

அதைக் கழற்றிவிட்டால், மார்கழி விடியற்காலையில் எஞ்சின் சூடேற முன்னரே தண்ணீர் ரேடியேற்றருக்குப் போய்க் குளிர்ந்து குளிர்ந்து வரும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாது. வெள்ளைப் புகை தள்ளும், டீசல் கூடக் குடிக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் பிஸ்டன் றிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். முள் கீழே கிடப்பது நல்ல சேதி இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் ஒரு நாள் வான் கொதித்தது. கொண்டுபோன கராஜில் வால்வைக் கழற்றி என் கையில் தந்து, இனிப் பிரச்சினை வராது என்றார்கள். நானும் நம்பிக் காசு கொடுத்தேன். வன்னி தட்டை நிலம். இரண்டு மாதமாக ஒன்றும் தெரியவில்லை. தை மாதம் நுவரெலியா சீதை அம்மன் கோயிலுக்கு ஹயர் கிடைத்தது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கம்பளை தாண்டி, இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது, அதுவரை கீழே கிடந்த முள் மளமளவென்று ஏறியது. பிறகு தானாகவே விழுந்தது. ஆறிவிட்டது என்று நினைத்து மேலும் ஓட்டினேன். உண்மையில் தண்ணீர் கொதித்து வெளியே போய், சூட்டை அளக்கிற சென்சர் தண்ணீரில் படாமல் நின்றிருக்கிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் தண்ணீரோடு கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. புளொக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் இருக்கிற காஸ்கெற் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. மூன்று மாத உழைப்பு அதோடு போயிற்று. அந்தப் பனியில் கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தெருவோரம் நின்ற தாயை இன்னும் மறக்கவில்லை.

வால்வு இல்லாத வண்டி ஏன் கொதிக்க வேண்டும்? பல ஜப்பான் எஞ்சின்களில் வால்வின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. எஞ்சின் சூடானதும் அந்தத் தட்டு இறங்கி, தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் திரும்புகிற குறுக்குவழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் குறுக்குவழி திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஏ9 ரோட்டில் வெறும் வானாக ஓடும்போது இது தெரியாது. ஆட்களோடு மலை ஏறும்போது தெரியும்.

சந்தேகம் என்றால் கழற்றிச் சோதித்துப் பாருங்கள். வால்வை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்க முன்னரே திறக்கத் தொடங்க வேண்டும், ஆறியதும் இறுக மூட வேண்டும். இல்லாவிட்டால் புதியது வாங்கிப் பூட்டுங்கள். விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். உள்ளே தங்கும் காற்று அதனால்தான் வெளியேறும்.

கிணற்றுத் தண்ணீர்

உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைச் சுண்ணாம்புதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. என் வான் முதலில் கொதித்ததற்குக் காரணமே அதுதான், வால்வு அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய சனம் நாங்கள். அப்போது ரேடியேற்றர் தண்ணீரோடு கலக்கிற கூலன்ற்றுக்கு எங்கே போவது? வாளியில் இருந்ததை ஊற்றினோம், சரி. 2002 இல் பாதை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நடுரோட்டில் அவசரத்துக்கு ஊற்றினால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் விடுங்கள்.

கூலன்ற் பனி நாட்டுக்கு மட்டும் என்று நினைப்பது

ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சானுக்கு அது உறையாமல் இருக்கத் தேவை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். எஞ்சின் புளொக்கே வெடித்துவிடும். தண்ணீரோடு சரிபாதி கலந்த எதிலீன் கிளைக்கோல் கூலன்ற் மைனஸ் 37 பாகை வரை தாங்கும். நுவரெலியாவில் தையில் புல்லில் உறைபனி படிகிறதே தவிர, அவ்வளவு குளிர் இந்த நாட்டில் எங்கும் இல்லை. ஆனால் அதே கூலன்ற்தான் துருப் பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. இந்த இரண்டும் எங்களுக்கு வேண்டும்.

தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது

கூடக் கூட நல்லது இல்லை. தனிக் கூலன்ற் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைக் காவும். கலந்தே வருகிற போத்தல் என்றால் அப்படியே விடலாம்.

பச்சைக் கூலன்ற்றும் சிவப்புக் கூலன்ற்றும் கலப்பது

வேண்டாம்.

பழைய கூலன்ற்றை வளவில் ஊற்றுவது

அது இனிக்கும். நாய் நக்கிக் குடித்துச் செத்துப்போகும்.