அலுமினியக் கூடு போட்டதும் அறுந்த சிக்னல்

1/10 அளவுள்ள என் ரிமோட் காரின் பாலிகார்பனேட் (ஒருவகை பிளாஸ்டிக்) மேற்கூடு மூன்றாவது முறையாக விரிசல் விட்டபோது, 0.8 மி.மீ. அலுமினியத் தகட்டில் நானே ஒரு கூடு செய்ய முடிவெடுத்தேன்.

பானெட்டின் வளைவுதான் பாடாய்ப் படுத்தியது. மடித்த இடமெல்லாம் தகடு வெடித்தது. பழைய பட்டறை வழி ஒன்று கைகொடுத்தது. தகட்டின் மேல் சலவை சோப்பைத் தேய்த்து, அடிப்பக்கத்திலிருந்து கேஸ் டார்ச்சால் சூடாக்க வேண்டும். சோப்புத் தடம் பழுப்பாகி, கருக்கும் நொடியில் நெருப்பை விலக்கிவிட வேண்டும். தாமதித்தால் தகடு உருகிவிடும். ஆறியபின் அது ஈயம் போல் வளைந்தது. மரக்கட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டினேன். தட்டத் தட்ட மறுபடி இறுகும், மறுபடி சூடாக்க வேண்டும். அந்த பானெட்டுக்கு மட்டும் நான்கு முறை!

ரிவெட் அடித்து முடித்து ஓட்டினால், இருபது அடி தாண்டியதும் கார் திணறி நின்றது. மோட்டாரைச் சந்தேகித்து ஒரு மாலைப்பொழுதை வீணடித்தேன். கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டியபோதுதான் காரணம் புரிந்தது. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், சிக்னலை மறைக்கும் உலோகக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அந்த ரிசீவரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வயரில் சிக்னலை வாங்குவது சுமார் 31 மி.மீ. நீள நுனி மட்டுமே. அது முழுவதும் வெளியே இருக்க வேண்டும். கூரையில் துளையிட்டு, விளிம்பு வயரை அறுக்காதபடி ரப்பர் வளையம் பொருத்தி, பிளாஸ்டிக் குழாய் வழியாக நுனியை நிமிர்த்தி நிறுத்தினேன்.

எடை கூடியதால் ஸ்பிரிங்குகளையும் விறைப்பானவையாக மாற்றினேன். இப்போது மைதானத்தின் மறுகோடி வரை கார் சொன்னபடி கேட்கிறது.