கோடை வசூல் ஏலம்: நூறு புளியமுத்தில் ஹாலிவுட் படம் பிடிப்பது எப்படி

ஐ.பி.எல். வந்தால் ஃபேன்டசி டீம் போடுகிறோம் இல்லையா, அதையே சினிமா வசூலை வைத்தும் ஆடலாம். ஆட்டக்காரர்கள் இடத்தில் படங்கள், ரன்னுக்குப் பதில் டாலர். அமெரிக்காவில் இது புதிதல்ல. ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற தளம் 1996 முதல் படங்களைப் பங்குகள் மாதிரி வாங்கி விற்க விடுகிறது. சேர்ந்தவுடன் இருபது லட்சம் பொய் டாலர் கொடுத்துவிடுவார்கள். ஃபேன்டசி விளையாட்டுகளைப் பற்றி எழுதும் மாத்யூ பெர்ரி (நடிகர் இல்லை) ஆரம்பித்த ஃபேன்டசி மூவி லீக் என்று இன்னொன்று இருந்தது. எட்டுத் திரை கொண்ட ஒரு கற்பனைத் தியேட்டரை வாராவாரம் படங்களால் நிரப்ப வேண்டும். நன்றாகத்தான் இருந்தது, இழுத்து மூடிவிட்டார்கள்.

நான் சொல்லப்போவது வீட்டுக் கூடத்தில் ஆடுவது. நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் நாங்கள் ஆறு குடும்பம், ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை கூடி, கோடையில் வரப்போகும் படங்களை ஏலம் விடுவோம். ஏலப் பணம் புளியமுத்து. திருநெல்வேலியிலிருந்து மாமியார் கொட்டையோடு கொண்டுவரும் புளியைச் சுத்தம் செய்யும்போது சேர்ந்தது. குடும்பத்துக்கு நூறு முத்து, ஏழு படம். கணக்குப்பிள்ளை நான்தான், அதனால் விதிகளும் என்னுடையவை.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது: "ஏன் தமிழ்ப் படத்தை வைத்து ஆடக்கூடாது?" ஆடலாம். இரண்டாவது வாரமே சண்டை வரும். நம் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற பொதுக் கணக்கு கிடையாது. தயாரிப்பாளர் போஸ்டரில் ஒரு தொகை, எக்ஸ் தளத்து டிராக்கர் சொல்வது ஒரு தொகை, ரசிகர்கள் சத்தியம் செய்வது வேறொரு தொகை. இங்கே தியேட்டர்களின் விற்பனையை காம்ஸ்கோர் என்ற நிறுவனம் திரட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோக்களின் மதிப்பீடு வரும், திங்கட்கிழமை இறுதிக் கணக்கு வரும். பாக்ஸ் ஆபீஸ் மோஜோவிலோ தி நம்பர்ஸிலோ யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு தளத்துக்கும் சில சமயம் சின்ன வித்தியாசம் இருக்கும், ஆகவே எதை நம்புவது என்று முதல் நாளே எழுதிவையுங்கள்.

சரி, விதிகள். சீசன் மே மாத முதல் வெள்ளிக்கிழமை தொடங்கி செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, அதாவது லேபர் டே, முடியும். அந்த நாட்களுக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வசூலான தொகை மட்டும் சேரும். இந்த இரண்டு நாட்டையும் சேர்த்துத்தான் 'டொமஸ்டிக்' என்று பட்டியலில் போடுவார்கள். சீனாவில் ஓடியது, ஜப்பானில் கொட்டியது எதுவும் வேண்டாம். பட்ஜெட்டும் லாபமும்கூட நமக்குத் தேவையில்லை. முன்னூறு மில்லியன் செலவழித்த படம் இருநூறு மில்லியன் வசூலித்தால் ஸ்டூடியோக்காரர் தலையில் துண்டு போடுவார், அதை வாங்கியவர் உங்கள் வீட்டில் துள்ளிக் குதிப்பார். வியாழன் இரவுக் காட்சிகளின் பணத்தை வெள்ளிக்கிழமையோடு சேர்த்துவிடுவது இங்கே வழக்கம், அதற்குத் தனியாக விதி தேவையில்லை.

தேதி மாறும் படத்துக்குக் கண்டிப்பாக ஒரு விதி வேண்டும். 2018-இல் 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' மே 4 என்று அறிவித்திருந்தார்கள். மார்ச்சில் திடீரென்று ஏப்ரல் 27-க்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். அந்தப் படம் இங்கே மட்டும் 678 மில்லியன். பிப்ரவரியிலேயே ஏலம் வைத்த ஆர்வக்கோளாறுகள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. எங்கள் விதி: ஏலத்துக்குப் பிறகு படம் சீசனை விட்டு வெளியே போனால், கொடுத்த முத்து திரும்பி வராது, ஏலம் போகாத படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

விலை போடுவது

ஆட்டமே இங்கேதான். எது பெரிய படம் என்று கண்டுபிடிப்பதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டியிருக்கிறது. அதற்கு எத்தனை முத்து கொடுக்கலாம், எந்த இடத்தில் கையைக் கீழே இறக்க வேண்டும் என்பதுதான் விஷயம். நான் ஏலத்துக்கு முந்தின வாரம் உட்கார்ந்து ஒரு முத்து எத்தனை மில்லியன் கொண்டுவர வேண்டும் என்று கணக்குப் போடுவேன்.

2023 கோடையில் எல்லாப் படமும் சேர்ந்து சுமார் நாலாயிரம் மில்லியன் டாலர் வசூல். ஏப்ரலில் வந்து இன்னும் ஓடிக்கொண்டிருந்த படங்களையும், யாரும் சீண்டாத குட்டிப் படங்களையும் கழித்தால், நாங்கள் ஏலம் எடுக்கும் 42 படங்களுக்கு ஏறத்தாழ 3,400 என்று வைத்துக்கொள்வேன். ஏலத்தில் கடைசியாக ஒரு முத்துக்குப் போகிற படம்கூடப் பத்து மில்லியன் தந்துவிடும். ஆக 42 படத்துக்கும் படத்துக்கு ஒரு முத்தும் பத்து மில்லியனும் அடிப்படை. அதைத் தள்ளினால் மிச்சம் 558 முத்து, 2,980 மில்லியன். வகுத்தால் முத்துக்கு 5.3 மில்லியன்.

இப்போது எந்தப் படத்தையும் அளக்கலாம். 400 வசூலிக்கும் என்று நம்புகிற படமா? பத்தைக் கழித்து 5.3-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள்: 74 முத்து வரை போகலாம். 150 என்றால் 27. அறுபது என்றால் பத்து. இந்த உச்சவிலையை ஒவ்வொரு படத்துக்கு எதிரிலும் எழுதிக்கொண்டு உட்காருங்கள். ஆட்கள் கூடினாலோ குறைந்தாலோ எண் மாறும், வழி மாறாது.

உச்சவிலை கையில் இருந்தால்தான் கூட்டத்தின் பைத்தியம் கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஏலத்தில் சூப்பர்ஹீரோ படங்கள் எப்போதுமே பத்துப் பதினைந்து முத்து கூடுதலாகப் போகும். பிள்ளைகள் கத்துவார்கள், அப்பாக்கள் ஏற்றுவார்கள். கார்ட்டூன் படமும் அம்மாமார் கூட்டமாகப் போகும் படமும் மலிவாகக் கிடைக்கும். நான் வாங்குவது அந்த மலிவில்தான்.

இன்னொரு தந்திரம்: உங்கள் முறை வரும்போது, உங்களுக்கு வேண்டாத பெரிய படத்தை முதலில் ஏலத்துக்கு விடுங்கள். மற்றவர்கள் முத்து கரையட்டும். நீங்கள் கண்வைத்த படத்தின் பெயரை ரொம்ப நேரத்துக்குச் சொல்லாதீர்கள். ஆனால் கையில் முத்தை மிச்சம் வைத்துக்கொண்டு எழுந்திருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. மிச்ச முத்து ரசத்துக்குக்கூட ஆகாது.

எவ்வளவு வசூலிக்கும் என்று எப்படித் தெரியும்

முதல் வார இறுதி வசூல் எவ்வளவு, மொத்தம் அதைப்போல எத்தனை மடங்கு. இந்த இரண்டு எண்தான். முதல் எண்ணை ஊரே ஊகிக்கும். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை.

2022 மே மாதம் இரண்டாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படம் 187 மில்லியனில் திறந்தது. அதே மாதக் கடைசியில் 'டாப் கன்: மேவரிக்' 126 மில்லியன். முடிவில் ஸ்ட்ரேஞ்ச் 411, டாப் கன் 718. ஒன்று 2.2 மடங்கு, மற்றொன்று ஐந்தரைக்கு மேல். இன்னும் ருசியான ஜோடி 2023 ஜூன் 16. ஒரே வெள்ளிக்கிழமையில் 'தி ஃப்ளாஷ்' என்ற சூப்பர்ஹீரோ படம், 'எலிமென்டல்' என்ற கார்ட்டூன் படம். ஃப்ளாஷ் 55, எலிமென்டல் முப்பதுக்குள். எலிமென்டலைப் பிடித்திருந்த என் அண்ணன் மகனை அந்தத் திங்கட்கிழமை எங்கள் வாட்ஸாப் குழுவில் வறுத்தெடுத்தார்கள். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃப்ளாஷ் 108-இல் படுத்துவிட்டது, எலிமென்டல் 154 வரை நடந்துபோனது.

பொதுவாக நான் வைத்திருக்கும் அளவு இது. ரசிகர் பட்டாளம் உள்ள தொடர் படம், பேய்ப் படம்: இரண்டு முதல் இரண்டரை மடங்கு. முதல் மூன்று நாளில் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடுவார்கள். குழந்தைகள் படத்துக்குக் கோடையில் மூன்றரை, நான்கு போடலாம், பள்ளி விடுமுறையில் செவ்வாய்க்கிழமை மத்தியானம்கூடக் கூட்டம் இருக்கும். புதுக் கதை, பெரியவர்களுக்கான படம் என்றால் ஒன்று நான்கு மடங்கு போகும், இல்லை முதல் வாரமே காணாமல் போகும். 'ஓப்பன்ஹைமர்' 82-இல் திறந்து 330-ஐத் தொட்டது இந்த ரகம்.

அப்புறம் காலண்டரைப் பாருங்கள். மே மாதப் படத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது, ஆகஸ்ட் நடுவில் வருவதற்கு மூன்று வாரம்கூட இல்லை. சீக்கிரம் விழும் படம் ஆகஸ்டில் வந்தால் பெரிய நஷ்டமில்லை. மெதுவாக ஓடும் படம் வந்தால்தான் வயிற்றெரிச்சல். 2018 ஆகஸ்ட் 15-இல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' மொத்தம் 174 மில்லியன், ஆனால் அதில் கணிசமான பங்கு லேபர் டேக்குப் பிறகு வந்தது, நம் கணக்கில் சேராது.

படத்துக்கு அடுத்த வாரம் என்ன வருகிறது என்பதும் முக்கியம், குறிப்பாக ஐமேக்ஸ் திரைகள். 2023 ஜூலை 12-இல் 'மிஷன் இம்பாசிபிள்' வந்தது. ஒன்பதே நாளில் 'ஓப்பன்ஹைமர்' வந்து ஐமேக்ஸ் திரைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டது, அதே நாளில் 'பார்பி'யும் 162 மில்லியனோடு திறந்தது. டாம் க்ரூஸ் முந்தின வருஷம்தான் 718 அடித்திருந்தார் என்பதை நம்பி முத்தைக் கொட்டியவர்களுக்குக் கிடைத்தது 172.

சினிமாஸ்கோரைப் பற்றிச் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். முதல் நாள் படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டு ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் போடுவது. நல்ல குறியீடுதான். டாப் கன்னுக்கு ஏ பிளஸ், எலிமென்டலுக்கு ஏ, ஃப்ளாஷுக்கு பி. ஆனால் அது படம் வந்த பிறகு வருவது, ஏலமோ ஏப்ரலில். ஜோசியத்துக்கு உதவாது.

ஜூன் சந்தை

ஏலத்தோடு எல்லாம் முடிந்துவிட்டால் ஜூலையில் ஆட்டம் செத்துவிடும். அதனால் ஜூன் கடைசி ஞாயிறு ஒரு மாற்றம் அனுமதிக்கிறோம்: இன்னும் வெளியாகாத உங்கள் படம் ஒன்றைக் கைவிட்டு, யாரும் எடுக்காத படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே படத்தைக் கேட்டால் பட்டியலில் கீழே இருப்பவருக்கு முன்னுரிமை. 2023-இல் எங்கள் ஏலத்தில் 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' என்ற பெயரையே யாரும் சொல்லவில்லை. கீழ்வீட்டு அக்கா சர்ச் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு ஜூன் சந்தையில் அமைதியாக எடுத்தார். ஜூலை 4-இல் வெளியாகி 184 மில்லியன், இண்டியானா ஜோன்ஸையும் மிஷன் இம்பாசிபிளையும் தாண்டியது. அந்த வருஷம் அக்காவோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

ஏழாவது இடத்துக்கு ஓர் இந்தியப் படத்தை ஒரு முத்துக்கு வாங்கலாமா என்றால், தெலுங்குப் பிரம்மாண்டம் என்றால் வாங்கலாம். 2017-இல் 'பாகுபலி 2' வெறும் 425 தியேட்டரில் 10.4 மில்லியனோடு திறந்து, அந்த வார இறுதியில் நாட்டிலேயே மூன்றாம் இடம் பிடித்து, மொத்தம் இருபது மில்லியனைத் தொட்டது. தமிழ்ப் படத்துக்கு இங்கே பத்து மில்லியன் என்பதே கடினம். எங்கள் பெரியப்பா இங்கே இருக்கிற வருஷங்களில், ரஜினி படம் கோடையில் வந்தால் மூன்று முத்து கொடுத்து வாங்குவார். அது பக்தி, அதற்கு நான் உச்சவிலை எழுதுவதில்லை.

பட்டியலைத் திங்கள் இரவு மட்டும் புதுப்பியுங்கள். ஞாயிறு எண் மதிப்பீடுதான், ஸ்டூடியோக்கள் அதைக் கொஞ்சம் சீவிச் சிங்காரித்துத்தான் அனுப்பும். 2023 ஆகஸ்டில் 'கிரான் டூரிஸ்மோ' முந்தைய நாட்களின் முன்னோட்டக் காட்சிப் பணத்தையும் சேர்த்து பார்பியை முந்தியதாகச் சொல்லிக்கொண்டது. மொத்த வசூலை வைத்து ஆடுவதால் நமக்கு அதில் பாதிப்பில்லை, வாராந்தர ஆட்டம் ஆடினால் இதற்கும் ஒரு விதி எழுதிவையுங்கள்.

நிஜப் பணம் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கடைசி இடத்துக்காரர் எல்லோருக்கும் பிரியாணி போட வேண்டும், முதல் இடத்துக்காரர் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. லேபர் டே திங்கள் எண் செவ்வாய்க்கிழமை வரும், அதுவரை யாரையும் வாழ்த்த வேண்டாம். இரண்டு பேர் ஒரு மில்லியன் வித்தியாசத்துக்குள் இருந்தால் நாங்கள் அதைச் சமன் என்றே எடுத்துக்கொண்டு, மிகக் குறைந்த முத்துக்கு வாங்கிய படத்தில் யார் அதிகம் சம்பாதித்தாரோ அவருக்கு முதலிடம் தருகிறோம்.