புர்கோஸில் நான்கு மணி நேரம்: பேராலயத்தை எப்படிப் பார்ப்பது?

ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து வடக்கே பில்பாவோ பக்கம் போகிறீர்களா? வழியில் நான்கு மணி நேரம் இருந்தால் புர்கோஸ் நகரில் இறங்கிவிடுங்கள். ஊர் முழுவதையும் சுற்ற வேண்டாம். பேராலயம் ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். 1221-இல் தொடங்கிய கட்டடம் அது. கல்லைக் குடைந்து வெளிச்சத்தை உள்ளே இறக்கியிருக்கும் வேலைப்பாட்டை இந்த அளவுக்கு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

1. வந்து சேர்வது: மாட்ரிட்டின் சாமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் புர்கோஸ் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து டவுன் பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். மாட்ரிட்டிலிருந்தே பஸ்ஸில் வந்தால் பயண நேரம் கூடும், ஆனால் ஆற்றங்கரைப் பக்கமே இறங்கிப் பாலத்தைத் தாண்டி, சாந்தா மரியா வளைவு வழியாக நடந்தே போய்விடலாம்.

2. மணி பார்த்து நுழையுங்கள்: டிக்கெட் வாங்கிக்கொண்டு, முழு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போங்கள். நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் அண்ணாந்து பார்த்தால், கடிகாரத்தின் மேல் ஒரு பொம்மை தெரியும். பெயர் பாப்பாமோஸ்காஸ், ஈப்பிடிப்பான் என்று சொல்லலாம். மணி அடிக்க அடிக்க வாயைத் திறந்து திறந்து மூடும். பன்னிரண்டு மணிக்குப் போனால் பன்னிரண்டு தடவை! நான் முதல் தடவை ஐந்து நிமிடம் பிந்திப் போனதால், அடுத்த மணிவரை காத்திருந்தேன்.

3. எல் சித் கல்லறை: அடுத்து, பேராலயத்தின் நடுவே எழும் கோபுர விமானத்துக்கு நேர் கீழே வாருங்கள். தரையில் ஒரு கல்பலகை. பதினோராம் நூற்றாண்டு வீரர் எல் சித்தும் மனைவி ஹிமெனாவும் 1921 முதல் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். பலகையைப் பார்த்துவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். அதன் ஓரமாக நின்று தலையை நிமிர்த்துங்கள். விமானத்தின் உச்சியில் கல்லாலான நட்சத்திரம். அதன் இடைவெளிகளெல்லாம் வெறும் வெளிச்சம். முன்பிருந்த விமானம் 1539-இல் இடிந்து விழுந்தது. இது அதற்குப் பிறகு எழுப்பியது. இங்கே கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

4. கொந்தெஸ்தாப்ளே (அரசரின் தலைமைப் படைத்தலைவர்) சிற்றாலயம்: பலிபீடத்துக்குப் பின்னால், கிழக்குக் கோடியில். இங்கும் மேலே நட்சத்திரம்தான். கீழே கல்லறைமேல் பளிங்குச் சிலைகளாகப் படுத்திருக்கும் படைத்தலைவர் தம்பதியில் அம்மையாரின் காலடியைக் கவனியுங்கள், ஒரு குட்டி நாய் சுருண்டு கிடக்கும்.

5. பொன் படிக்கட்டு: பேராலயம் சரிவில் கட்டியது. வடக்கு வாசல் உள்தரையைவிடப் பல மீட்டர் உயரம். அந்த உயரத்தை இறங்கத்தான் சிற்பி தியேகோ தெ சிலோயே 1519-க்கும் 1523-க்கும் இடையில் இந்த இரட்டைப் படிக்கட்டை அமைத்தார்.

6. சாப்பாடு: மோர்சியா என்பது அரிசியும் பன்றி ரத்தமும் சேர்ந்த தொத்திறைச்சி, அரிசியைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். சைவக்காரர்கள் புர்கோஸ் சீஸைத் தேனோடு கேளுங்கள்; நம் பன்னீரைவிட மிருது. மதியத்துக்குப் பிறகு பல கடைகள் மூடிவிடும், வாங்க வேண்டியதை முன்பே வாங்கிவிடுங்கள்.

7. மிச்ச நேரம்: கோட்டைமேட்டுக் காட்சித்தளத்துக்கு ஏறுங்கள். மூச்சு வாங்கும் ஏற்றம், மெதுவாகவே போங்கள். மேலிருந்து பார்த்தால் பேராலயத்தின் இரண்டு கோபுர முனைகளும் சல்லடைபோலத் துளைத்துத் துளைத்துச் செதுக்கியவை என்று தெரியும். அந்தத் துளைகள் வழியே பின்னாலிருக்கும் வானம் நீலநீலமாகத் தெரியும்.