வீரிய ஒட்டு நெல்: பெற்றோரைக் கண்ணால் பார்த்து எடுக்காதீர்கள்

தனியே நல்ல விளைச்சல் தருகிறது என்பதற்காக ஒரு வரிசையை (குணம் மாறாமல் வரும் நெல் வகையை) வீரிய ஒட்டுக்குப் பெற்றோராக்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சேர்ந்தபின் எப்படி நடக்கிறது என்பதே கணக்கு.

முதலில் ஆண் வரிசை. தன் மகரந்தம் மலடாக இருப்பதால் பெண்ணாகப் பயன்படும் ‘ஏ’ வரிசையோடு அதைச் சோதனைக்காக ஒட்டு கட்டி, பிறந்த செடியில் காலையில் பூ விரியுமுன் மகரந்தப்பைகளை எடுங்கள். 1 சத அயோடின்–பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு சொட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டையாகக் கருத்தவை வளமானவை. சுருங்கி வெளிறியவை மலடு. 80 சதத்துக்கு மேல் கருத்திருந்தால் அந்த ஆண், ஒட்டில் மகரந்த வளத்தை மீட்கும் தகுதியுள்ளது. ஆனாலும் அதோடு நிறுத்தாதீர்கள். பூக்குமுன் கதிரில் உறை மாட்டி, முற்றியபின் மணியையும் பதரையும் எண்ணுங்கள். மகரந்தம் தேறியும் மணி பிடிக்காத ஒட்டுகள் உண்டு.

‘ஏ’ வரிசையில் சோதனை தலைகீழ்: உறைக்குள் ஒரு மணிகூடப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பெரும்பாலும் ‘பி’ செடி (‘ஏ’ வரிசையைப் பெருக்க உதவும், மகரந்த வளமுள்ள அதன் இணை) கலந்திருக்கிறது. சூல்முடி உமிக்கு வெளியே நீட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். விதை உற்பத்தி அதில்தான் நிற்கிறது. ஆண் செடி சற்று உயரமாக இருப்பது நல்லது.

பூக்கும் நாள் வித்தியாசத்தை இருவரிலும் குறித்து வைத்தால்தான் விதைக்கும் நாளை முன்பின் தள்ளி இரண்டையும் ஒன்றாகப் பூக்க வைக்க முடியும்.

சமைத்தும் பாருங்கள். ஐஆர் 58025ஏ என்ற ‘ஏ’ வரிசை வழி வந்த அரிசியின் லேசான மணம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.