பழைய போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

வெட் பிளேட் என்பது தட்டில் கொலோடியன் என்ற ரசாயனக் கரைசலைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுக்கும் பழைய முறை. அதைப் பழக வருபவர்கள் பலர் முதலில் தேடுவது ஒரு பித்தளை லென்ஸைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடி பளிச்சென்று இருந்தால் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் படம் பதியப்போவது நம் கண்ணில் அல்ல, கொலோடியன் தட்டில். அந்தத் தட்டுக்குத் தெரிவதெல்லாம் நீலமும் புற ஊதாவும்தான். மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு.

அதனால் சிறு கீறல்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விளிம்பில் ஒட்டு விட்டு வானவில் போலத் தெரியும் திட்டும் பெரும்பாலும் படத்தைக் கெடுக்காது. பயப்பட வேண்டியது மஞ்சளுக்கு. லென்ஸை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சளடித்தால், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பழுத்திருக்கலாம். தட்டுக்கு வேண்டிய நீல ஒளியை அது வழியிலேயே விழுங்கிவிடும். விமானத்திலிருந்து படமெடுக்கச் செய்த கோடக் ஏரோ எக்டாரிலும் இதே சிக்கல் உண்டு. எஃப்/2.5, அதாவது நிறைய ஒளியை உள்ளே விடும் வேகமான லென்ஸ் என்று ஆசையாக வாங்குவார்கள். அதிலிருக்கும் தோரியம் கலந்த கண்ணாடி நாளாக நாளாகப் பழுப்பேறி வேகத்தைத் தின்றுவிடும். புற ஊதா விளக்கில் பல நாள் வைத்தால் பெருமளவு தெளியும். தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். இதில்தான் நிறையத் தட்டுகள் வீணாகின்றன. கேமராவின் பின்புறம் ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் இமை முடி வரை துல்லியமாகத் தெரியும், தட்டிலோ முகம் மங்கலாக வரும். ஆள் அசைந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். சில பழைய லென்ஸ்களில் கண்ணுக்கான ஃபோகஸும் தட்டுக்கான ஃபோகஸும் ஒரே இடத்தில் விழாது. நீல ஒளி லென்ஸுக்குச் சற்று அருகிலேயே குவிந்துவிடும். சோதிப்பது எளிது. எண் எழுதிய அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வரிசையில் நிறுத்தி, நடு அட்டைக்கு ஃபோகஸ் செய்து ஒரு தட்டு எடுங்கள். கேமராவுக்கு நெருக்கமான அட்டை கூர்மையாக வந்தால் லென்ஸின் குணம் தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறையும் கண்ணால் ஃபோகஸ் செய்தபின் பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் மடிப்புத் துருத்தியை, கொஞ்சம் சுருக்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்த லென்ஸுக்கென்று குறித்து வையுங்கள்.

ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் வடிவமைத்த லென்ஸுக்கு இன்று இருக்கும் மவுசு, பின்னணி சுழலும் அந்தத் தோற்றத்தால் வந்தது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் சுழலுக்காகவே தட்டுக்குச் சிறிதான லென்ஸை வாங்கினால் முகத்தை நடுவை விட்டு நகர்த்தவே முடியாது. ஃபுல் பிளேட் என்பது 6.5 × 8.5 அங்குலம், மூலைவிட்டம் சுமார் 270 மி.மீ. அதற்கு 350 முதல் 400 மி.மீ. பெட்ஸ்வால்தான் உருவப்படத்துக்கு வசதி என்பது என் கருத்து. இருவரை எடுத்தால் நேர்கோட்டில் உட்கார வைக்காதீர்கள். இந்த லென்ஸின் ஃபோகஸ் தளம் வளைந்தது. ஓரத்தில் இருப்பவர் கேமரா பக்கம் சற்று முன்னே வர வேண்டும்.

வாங்குமுன் பெல்லோஸையும் அளந்து பாருங்கள். 400 மி.மீ. லென்ஸில் தலையைக் கால் பங்கு அளவில் எடுக்க 500 மி.மீ. நீட்டம் வேண்டும், வெளிச்ச நேரமும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். பொருத்தும் வளையத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனி மரை வெட்டியதால் இன்னொன்றின் வளையம் சேரும் என்று நம்ப முடியாது. மேஜிக் லான்டர்ன் என்ற பழைய படம் காட்டும் கருவியின் லென்ஸ்களும் பல பெட்ஸ்வால் அமைப்புதான். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒளியைக் குறைக்கும் துளையிட்ட வாட்டர்ஹவுஸ் தகடு செருகும் பிளவு அவற்றில் பொதுவாக இருக்காது.

பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய அரக்குப் பூச்சு போனால் போனதுதான். பெட்ஸ்வாலைத் துடைக்கக் கழற்றினால் பின்பக்கத்து இரண்டு கண்ணாடிகளில் கவனம் வேண்டும். அவை ஒட்டாமல் நடுவே வளையத்தோடு தனித்தனியாக இருக்கும். ஒன்று திரும்பினாலும் படம் குழம்பிவிடும். வெளியே எடுக்குமுன் ஒவ்வொன்றின் விளிம்பிலும் முன்பக்கம் பார்த்தபடி பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.