உடைத்துப் பார்க்காத வெல்டிங்: பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்கு வருகிற பையன்கள் வருஷா வருஷம் மாறுகிறார்கள். செய்கிற தவறு மட்டும் மாறுவதில்லை. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவனும் சரி, வள்ளியூர்ப் பக்கம் மாமா பட்டறையில் பழகி வந்தவனும் சரி, அந்த வயதில் நாங்கள் எங்கெங்கே சறுக்கினோமோ அங்கேதான் சறுக்குகிறார்கள். கண்ணாடி இல்லாமல் பற்ற வைப்பது, எர்த்தைச் சரியாகக் கவ்வவிடாமல் தொடங்குவது, ஈரக் கையோடு ஹோல்டரைப் பிடிப்பது இதையெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை. ராத்திரி கண்ணெரிச்சலும் ஒரு ஷாக்கும் அவற்றைச் சொல்லிக்கொடுத்துவிடும். வலிக்காமலே வருஷக்கணக்கில் தொடர்கிற தவறுகள் வேறு.

உடைத்துப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது. ராடு பிடித்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் ஓரளவு நேராக பீட், அதாவது உருகிப் படிகிற உலோக வரி, ஓட வந்ததும், கேஸ் மறைப்பில் ஒயர் உருகும் சி.ஓ.டூ. வெல்டிங். அதில் கை படிந்ததும் ஆர்கான் வெல்டிங். எல்லாம் தெரியும் என்பார்கள். பற்ற வைத்ததில் ஒரு துண்டையாவது வைஸில் மாட்டி உடைத்துப் பார்த்தாயா என்று கேட்டால் முழிப்பார்கள்.

"தட்டிப் பாத்தேன் அண்ணாச்சி, கணீர்னு சத்தம் வந்துச்சு."

சத்தத்தை வைத்துத் தரம் சொல்ல அது என்னலே, நெல்லையப்பர் கோயில் இசைத்தூணா?

களக்காட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், டிராக்டர் டிரெய்லரின் இழுவைக் கொக்கியைத் தாங்கும் 10 மி.மீ. பிளேட்டைப் புதுப் பையன் ஒருவன் சி.ஓ.டூ.வில் பற்ற வைத்தான். பார்க்க அவ்வளவு அழகு. சீரான பீட், சுற்றிலும் ஒரு தெறிப்பு கிடையாது. முதலாளியே முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார். வாழைத்தார் ஏற்றிப் போன வண்டி மேடு ஏறும்போது கொக்கி பிளேட்டோடு கழன்றுவிட்டது. பின்னால் யாரும் வரவில்லை, தப்பித்தார்கள். நசுங்கிப்போன தாருக்கெல்லாம் பட்டறைதான் பணம் கொடுத்தது.

முறிந்த துண்டைக் கொண்டுவந்து, "ஒயர் மட்டம் அண்ணாச்சி" என்றார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பிளேட்டின் விளிம்பில் கிரைண்டர் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. பீட்டின் அடியில் அதே கோடுகளின் அச்சு. கிரைண்டர் கீறல்கூட உருகவில்லை என்றால் அந்த இரண்டும் எங்கே சேர்ந்தன? பீட் பிளேட்டின் மேல் சும்மா படுத்திருந்தது, அவ்வளவுதான். கேட் ஷீட்டுக்கு வைத்த 17, 18 வோல்ட்டிலேயே கனத்த பிளேட்டையும் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். ஒயர் உருகும், பிளேட் உருகாது. ஆர்க் வெல்டிங்கில் ஆம்பியர் போதாவிட்டால் ராடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும், பீடும் முண்டும் முடிச்சுமாக வரும். சி.ஓ.டூ.வில் அந்த எச்சரிக்கை கிடையாது. உள்ளே ஒன்றுமே சேராத பீடும் வெளியே லட்சணமாக இருக்கும். ஆர்க்கில் பழகாமல் நேராக சி.ஓ.டூ.வில் கை வைக்கிறவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

ராடு மட்டம், ஒயர் மட்டம் என்பதெல்லாம் பெரும்பாலும் சாக்கு. 6013 ராடில் உள்ள 60, அது படிய வைக்கும் உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. மெகாபாஸ்கலில் சொன்னால் சுமார் 414. நாம் வாங்குகிற ஐ.எஸ். 2062 ஈ250 தர இரும்பு பிளேட்டுக்கு அதே கணக்கு குறைந்தது 410. உருகிச் சேர்ந்த இணைப்பில் ராடு பிளேட்டுக்குச் சளைத்ததல்ல. முறிகிற இடம் இரண்டும் சேராமல் போன இடம்.

உடைத்துப் பார்க்க லேப் எதுவும் வேண்டாம். கழிவில் கிடக்கிற இரண்டு 6 மி.மீ. துண்டுகளை 'டி' மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்ற வையுங்கள். ஆற விடுங்கள். அடித்துண்டை வைஸில் இறுக்கி, நிற்கும் துண்டைப் பற்ற வைத்த பக்கமாகச் சாயும்படி பெரிய சுத்தியலால் அடியுங்கள். அப்போது ரூட், அதாவது பீட்டுக்கு அடியில் இரண்டு துண்டும் சந்திக்கும் மூலை, திறக்கும். துண்டு முழுக்கப் படுத்தும் பீட் விடவில்லை என்றால் நல்லது. விட்டுவிட்டால் அந்த முகத்தைப் படியுங்கள். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக முறிந்திருந்தால் அங்கே உலோகம் சேர்ந்திருந்தது. மூலையில் நீளக் கோடாக பிளேட்டின் பழைய விளிம்பு தெரிந்தால் சூடு ரூட் வரை போகவில்லை. கறுப்பாகக் கண்ணாடிச் சில்லு போல இருந்தால், ராடின் பூச்சு உருகி உறைந்த கழிவான ஸ்லாக் உள்ளே மாட்டியிருக்கிறது. பொத்தல் பொத்தலாக இருந்தால் ஈரம், துரு, எண்ணெய், காற்று இவற்றில் ஏதோ ஒன்று. எது தெரிகிறதோ அதற்கேற்ப ஆம்பியரையோ கைச் சாய்வையோ மாற்றி, இன்னொரு துண்டைப் பற்ற வைத்து அதையும் உடையுங்கள்.

விளிம்போடு விளிம்பு சேர்க்கிற பட் ஜாயின்ட்டுக்கு வளைப்புச் சோதனை. இணைப்பின் குறுக்கே பட்டையாக வெட்டி, ஒன்றை ரூட் வெளியே வரும்படியும் மற்றொன்றை பீட்டின் மேல்முகம் வெளியே வரும்படியும் பிரஸ்ஸில் 'யு' வடிவத்துக்கு வளைப்பார்கள். சாதாரண இரும்பில் 10 மி.மீ. பட்டையைச் சுமார் 40 மி.மீ. உருளையைச் சுற்றி வளைப்பது வழக்கம். வளைந்த வெளிப்புறத்தில் 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் பெயில். கூடங்குளம் அணுமின் நிலையத்திலோ மகேந்திரகிரி இஸ்ரோவிலோ குழாய் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் 6ஜி, 6ஜி என்று மந்திரம் ஓதுகிறார்கள். 45 டிகிரி சாய்ந்து நிற்கும் குழாயைத் திருப்பாமல் சுற்றிப் பற்ற வைக்கும் பரீட்சை அது. அதிலும் எக்ஸ்ரேயோ வளைப்போதான் தீர்ப்புச் சொல்லும், பீட்டின் அழகு அல்ல.

கிரைண்டரால் வழித்து மினுக்குவது

கேட் வேலையில் வந்த பழக்கம். பீட்டை மட்டமாக வழித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் இணைப்பே தெரியாது. கேட்டுக்குச் சரி. பாரம் தாங்கும் இடத்தில் அதைச் செய்யலாமா? மூலையில் முக்கோணமாகப் படியும் ஃபில்லட் பீட்டின் கால், அதாவது பிளேட்டில் ஒட்டும் பக்கம், 6 மி.மீ. என்றால், பாரத்தைத் தாங்கும் குறுக்குக் கனம் அதில் 0.7 மடங்குதான், அதாவது 4.2 மி.மீ. அழகுக்காக மேலே 2 மி.மீ. சீவினால் கிட்டத்தட்ட பாதி பலம் பொடியாகத் தரையில் விழுந்துவிடும். விரிசலும் அந்த மினுக்கலில் மறைந்துபோகும். சந்தேகமாக இருந்தால் சிவப்புச் சாயம் தெளிக்கும் டி.பி. டெஸ்ட் செய்யுங்கள். சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்ததும் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். மேற்பரப்பு வரை வந்த விரிசலை மட்டுமே அது காட்டும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஆடிக் காற்றில் வெளியே சி.ஓ.டூ. ஓட்டுவது

காற்றாலைகள் நிற்கிற பணகுடி, ராதாபுரம் பக்கம் சொல்லவே வேண்டாம். காற்று மணிக்கு 8 கி.மீ.யைத் தாண்டினாலே பீட்டை மூடி நிற்க வேண்டிய கேஸ் கலைந்துபோகும். காற்றாலை சுற்றத் தொடங்குவதற்கே மணிக்குச் சுமார் 11 கி.மீ. வேகம் வேண்டும். உச்சியில் அடிக்கிற அளவு தரையில் அடிக்காது, உண்மைதான். ஆனாலும் இறக்கை சுற்றுகிற நாளில் மறைப்புக் கட்டாமல் டார்ச்சை வெளியே எடுக்காதீர்கள். ரெகுலேட்டரைத் திறந்து கேஸைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சில பேர் நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் கூட்டினால் கேஸே சுழன்று காற்றை உள்ளே இழுக்கும். அந்த நாளில் ராடு வெல்டிங்தான் புத்திசாலித்தனம்.

நனைந்த 7018ஐ வெயிலில் காயப்போடுவது

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எத்தனை மாடியில் ராடு காய்ந்ததோ! 7018 குறைந்த ஹைட்ரஜன் ராடு. பூச்சில் ஏறிய ஈரம் போக அடுப்பில் 300 டிகிரி அளவில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். நம்மூர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அந்த வேலையைச் செய்யாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் கடின இரும்பில் உள்ளே தங்கி, பற்ற வைத்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட விரிசலைக் கிளப்பும். தண்ணீரில் ஊறியதை அடுப்பில் வைத்தும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். 6013ஐ இந்தச் சூட்டில் வாட்டக் கூடாது, அதன் பூச்சு கெட்டுவிடும்.

சோதனைத் துண்டைத் தண்ணீரில் முக்குவது

முக்காதீர்கள். சூட்டில் முக்கினால் இரும்பு விறைத்துவிடும். அப்புறம் நீங்கள் உடைப்பது வேறொரு வெல்டிங்கை.

எஸ்.எஸ்.ஸுக்கும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இரும்புக்கும் ஒரே பிரஷ்

தனி பிரஷ், தனி வீல். இல்லாவிட்டால் எஸ்.எஸ்.ஸும் துருப்பிடிக்கும்.

ஜி.ஐ. பைப்பை அப்படியே பற்ற வைப்பது

ஜி.ஐ. பைப்பின் இரும்பு மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருகுவதற்கு வெகுமுன்பே புகையாகிவிடும். அன்று சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போதும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். நுரையீரலுக்குள் போன புகையைப் பால் எப்படித் தடுக்கும்? இணைப்பின் இரண்டு பக்கமும் 5 செ.மீ. அளவுக்குப் பூச்சை வழித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மாஸ்க் போட்டுப் பற்ற வையுங்கள். வழித்த இடத்தில் வேலை முடிந்ததும் ஜிங்க் பெயின்ட் அடிக்க வேண்டும். உவரி, கூத்தங்குழி மாதிரிக் கடற்கரை ஊருக்குப் போகிற பைப் என்றால் இரண்டு கோட்.